எங்கே எடுத்தீர்கள், டாக்டர்?



எங்கள் பல் மருத்துவப் பிரிவையும் பரிசோதனைக்கூடத்தையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பலரும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "வாயிலுள்ள கிருமியைப் பார்க்க ஒரு சொட்டு எச்சில் போதாதா? இத்தனை குச்சிகளும் குப்பிகளும் ஊசிகளும் எதற்கு?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுமுன் நாங்கள் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்தத் தவறுதான் எங்களுக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது.

பல வருடங்களுக்கு முன் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி எங்களிடம் வந்தார். இடது கீழ்த்தாடை வீங்கியிருந்தது. காய்ச்சல். இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. சொத்தையான கடைவாய்ப்பல் ஒன்றின் ஓரத்தில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு பஞ்சுக் குச்சியை வாய்க்குள் விட்டு, சீழைத் தொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஊசி மருந்தும் தொடங்கினோம்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. "வாயில் சாதாரணமாகக் காணப்படும் கிருமிகள்" என்று எழுதியிருந்தது. ஆனால் நோயாளியின் வீக்கமோ கழுத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. கீழ்த்தாடையில் தொடங்கும் சீழ் நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் பரவினால் மூச்சுக்குழல் அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகும். நாங்கள் பதற்றத்தோடு பரிசோதனைக்கூடத்துக்குப் போனோம். அங்கே நெடுநாள் அனுபவமுள்ள ஊழியர் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"எங்கே எடுத்தீர்கள், டாக்டர்?"

யோசித்துப் பார்த்தோம். வாயைச் சரியாகத் திறக்க முடியாத நிலையில் அந்தக் குச்சி கன்னத்தைத் தொட்டது, நாக்கைத் தொட்டது, எச்சிலில் நனைந்தது. அதற்குப் பிறகுதான் சீழைத் தொட்டது. போதாததற்கு மதியம்வரை காற்றுள்ள குழாயில் உலர்ந்துகொண்டிருந்தது. தாடைக்குள் இருந்த கிருமிகள் காற்றுப் பட்டு மடிந்துபோக, கன்னத்திலும் நாக்கிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள்தான் தட்டில் வளர்ந்தன. அறிக்கை பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்ததற்கு அது உண்மையான பதிலையே சொன்னது. கொடுத்ததுதான் தவறு.

அந்த மனிதர் பிழைத்தாரா என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறோம். அதற்குமுன் வாய் என்னும் இந்தச் சிறிய இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

வாய் ஒரே இடமா?

கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரே அறையைப்போல் தோன்றுகிறது. கிருமிகளுக்கு அது அப்படியில்லை. வயலும் வரப்பும் வாய்க்காலும் குளமும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பயிரும் பூச்சியும் இருப்பதைப்போல, நாக்கின் மேற்புறம், கன்னத்தின் உட்புறம், பல்லின் மேற்பரப்பு, ஈறுக்கு அடியிலுள்ள இடுக்கு ஆகிய ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு கூட்டங்கள் வாழ்கின்றன. மனித வாயில் ஏறத்தாழ 700 வகை பாக்டீரியாக்கள் அறியப்பட்டுள்ளன. இவை எல்லாமே ஒருவர் வாயில் ஒரே சமயத்தில் இருப்பதில்லை.

இவற்றில் பெரும்பான்மை நமக்குத் தீங்கு செய்யாதவை என்பதையும் சொல்லவேண்டும். தீய கிருமிகள் இடம் பிடிக்காதபடி தடுத்து நமக்கு நன்மை செய்பவையும் உண்டு. ஆகவே "வாயில் கிருமி இருக்கிறதா?" என்ற கேள்வியால் பிரயோஜனம் இல்லை. எந்தக் கிருமி, எந்த இடத்தில், எவ்வளவு என்பதே மருத்துவருக்கு வேண்டிய செய்தி.

அமெரிக்க அரசின் உதவியோடு நடந்த மனித நுண்ணுயிர்த் திட்டம் என்ற பெரிய ஆராய்ச்சியின் முடிவுகள் 2012ல் வெளியாயின. நல்ல ஆரோக்கியமுள்ள 242 பேரிடமிருந்து உடலின் பல பாகங்களில் மாதிரிகள் எடுத்தார்கள். வாயிலும் தொண்டையிலும் மட்டும் 9 இடங்கள்! உமிழ்நீர், நாக்கின் மேற்புறம், அண்ணம், கன்னத்தின் உட்புறம், ஈறு, உள்நாக்குச் சதை, தொண்டை, ஈறுக்கு மேலுள்ள பல் ஊத்தை, ஈறுக்குக் கீழுள்ள பல் ஊத்தை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தார்கள். ஓர் இடத்து மாதிரியை மற்றோர் இடத்துக்குச் சாட்சியாக ஏற்க அவர்கள் துணியவில்லை.

காப்பி குடித்த துணி வியாபாரி

இந்த உண்மையை முதலில் கண்டவர் மருத்துவர் அல்லர், ஒரு துணி வியாபாரி. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆண்டனி வான் லேவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளைக் கொண்டு காணாத பொருளையெல்லாம் பார்த்தவர். 1683ல் தம் பற்களின் இடுக்கிலிருந்த வெண்மையான ஊத்தையைச் சுரண்டி, சுத்தமான மழைநீரில் கலந்து பார்த்தார். அதற்குள் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடுவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் தினமும் காலையில் பல்லை உப்பால் தேய்ப்பவர் என்பதையும் அதில் குறிப்பிட்டார். தம்மோடு நிறுத்தாமல், பெண்கள், ஒரு சிறு பிள்ளை, வாழ்நாளில் பல்லைச் சுத்தம் செய்யாத ஒரு முதியவர் ஆகியோரிடமிருந்தும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

சில ஆண்டுகள் சென்று, 1692ல், அவர் மறுபடியும் தம் முன்பற்களிலிருந்து சுரண்டிப் பார்த்தபோது உயிர்கள் ஒன்றும் தென்படவில்லை. என்ன ஆயிற்று? தாம் காலையில் சூடாகக் காப்பி குடிப்பதால் முன்பற்களிலிருந்த உயிர்கள் இறந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். பிறகு காப்பியின் சூடு அவ்வளவாக எட்டாத கடைவாய்ப்பற்களிலிருந்து எடுத்துப் பார்த்தார். அங்கே அவை முன்போலவே இருந்தன!

அவருடைய ஊகம் முழுவதும் சரியா என்பது வேறு விஷயம். முன்பல்லில் இல்லை என்றதும் "வாயிலேயே இல்லை" என்று முடிவு கட்டாமல் இன்னோர் இடத்தில் தேடினாரே, அதுதான் நாம் கவனிக்கவேண்டியது. அந்த ஞானம் அன்று எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

எச்சில் என்ன சொல்லும்?

எடுப்பதற்கு மிகவும் எளிதானது எச்சில். வலியில்லை, ஊசியில்லை, குழந்தைகளும் தருவார்கள். ஒரு மில்லி உமிழ்நீரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். ஆனால் சுரப்பியிலிருந்து புறப்படும்போது உமிழ்நீரில் கிருமியே கிடையாது. வாயில் ஊறி ஓடும்போது வழியிலுள்ள இடங்களிலிருந்து, விசேஷமாக நாக்கின் மேற்புறத்திலிருந்து, உதிர்ந்தவற்றை அது அள்ளிக்கொண்டு வருகிறது. ஆற்று நீரைப்போல என்று சொல்லலாம். எந்தக் கரையில் என்ன இருந்தது என்று அந்த நீரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எச்சில் எடுப்பதிலும் இரண்டு முறைகள் உண்டு. தலையைச் சற்றுக் குனிந்து, வாயைத் திறந்து, தானாக ஊறி வழிவதைக் குப்பியில் பிடிப்பது ஒன்று. வாசனையில்லாத மெழுகுத் துண்டு ஒன்றை மென்றுகொண்டே சில நிமிடங்கள் அளவுக் குழாயில் துப்பச் சொல்வது மற்றொன்று. மெல்லும்போது எச்சில் நிறைய ஊறுவதோடு பல்லில் ஒட்டியிருப்பவையும் கொஞ்சம் உதிர்ந்து கலக்கும். ஆகவே இரண்டும் ஒரே விடையைத் தரமாட்டா. ஒரு நோயாளியிடம் முதல் மாதம் ஒரு முறையிலும் அடுத்த மாதம் வேறு முறையிலும் எடுத்துவிட்டு, "கிருமி கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று சொல்வது சரியாகாது.

எச்சில் எதற்குத்தான் பயன்படும்? பல் சொத்தை வரக்கூடியவர் யார் என்று மதிப்பிட உதவும். சொத்தைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமிக்கும் தொடர்பு உண்டு. 1924ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். ஒரு மில்லி எச்சிலில் இது 10 லட்சத்துக்கு மேல் இருந்தால் சொத்தை வரும் அபாயம் அதிகம் என்று கருதுவது வழக்கம்.

துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு என்ன செய்வது? ஸ்வீடன் நாட்டில் கோலர், பிராட்ஹால் என்ற இருவர் 1979ல் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். ஐஸ்கிரீம் குச்சியைப் போன்ற தட்டையான மரக் குச்சியைக் குழந்தையின் நாக்கில் ஒற்றி எடுத்து, அதை அப்படியே கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டின்மேல் அழுத்தவேண்டும். குச்சி பதிந்த அடையாளத்துக்குள் வளரும் புள்ளிகளை எண்ணினால் போதும். கிராமத்துப் பள்ளியிலும் செய்யக்கூடிய முறை இது. விலையுயர்ந்த கருவிதான் நல்ல பதிலைத் தரும் என்பதில்லை. கேள்விக்கு ஏற்ற கருவியாக இருந்தால் மரக் குச்சியும் போதும்.

ஆனால் ஈறு நோய் பற்றிக் கேட்டால் எச்சில் சரியான சாட்சி அன்று. காசநோய்ப் பரிசோதனையில் நாங்கள் தினமும் பார்க்கும் சங்கடம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி கேட்டால், சிலர் வெறும் எச்சிலைத் துப்பித் தந்துவிடுவார்கள். அதில் காசநோய்க் கிருமி தென்படாது. "நோய் இல்லை" என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோயோ நெஞ்சிலே இருக்கும். ஈறு விஷயத்திலும் இப்படித்தான்.

ஈறுக்கு மேலே, ஈறுக்குக் கீழே

பல்லை நகத்தால் சுரண்டினால் மாவைப்போல் வருகிறதே, அந்த ஊத்தையை மருத்துவர்கள் பிளேக் என்பார்கள். அது உணவுத் துணுக்கு என்றே பலர் எண்ணுகிறார்கள். அதில் பெரும்பகுதி கிருமிகளே. ஒரு கிராம் ஊத்தையில் ஏறத்தாழ 10,000 கோடி இருக்கலாம். நாள் சென்றால் அது இறுகிக் காரையாகிவிடும்.

ஈறுக்கு மேலிருக்கும் ஊத்தையை எடுப்பது சுலபம். பல்லைச் சுற்றிலும் பஞ்சு வைத்து எச்சில் படாமல் தடுத்து, கிருமி நீக்கிய சிறு கரண்டி போன்ற கருவியால் ஒரு தடவை வழித்து எடுத்துவிடலாம்.

ஈறுக்கு அடியில் போவதுதான் கடினம். ஆரோக்கியமான வாயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள இடுக்கு இருக்கும். ஈறு நோய் வந்தால் அது 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகி ஒரு பையைப்போல் ஆகிவிடும். அந்தப் பையின் அடியில்தான் எலும்பைக் கரைக்கும் வேலை நடக்கிறது. அங்கே காற்று புகாது. காற்றுப் பட்டாலே இறந்துபோகும் கிருமிகள் அங்கே செழித்து வாழும்.

அங்கிருந்து எடுக்கும் விதம் இது. முதலில் பஞ்சு வைத்துப் பல்லை உலர்த்துவோம். பிறகு ஈறுக்கு மேலுள்ள ஊத்தையை முழுவதும் துடைத்து எடுத்துவிடுவோம். இதைச் செய்யாமல் உள்ளே போனால் மேலே உள்ளதையும் சேர்த்துக் கீழே தள்ளிக்கொண்டு போவோம். அதன்பின் பேப்பர் பாயின்ட் என்னும் ஊசிபோன்ற காகிதக் குச்சியை, கை அசையாமல், பையின் அடிவரை மெல்லச் செருகுவோம். பல் வேரின் உட்குழாயை உலர்த்துவதற்காகச் செய்யப்பட்ட குச்சி இது. 10 முதல் 20 விநாடி அங்கேயே வைத்திருந்தால் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உடனே வெளியே எடுத்துக் குப்பியில் போட்டு மூடவேண்டும்.

காகிதக் குச்சிக்குப் பதிலாகச் சுரண்டும் கருவியையும் உபயோகிக்கலாம். குச்சி பையில் தளர்வாக மிதப்பவற்றை அதிகமாகக் கொண்டுவரும். கருவியோ வேரில் ஒட்டியிருப்பவற்றையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஒன்று சரி, மற்றது தவறு என்று சொல்வதற்கில்லை. எதை உபயோகித்தோம் என்று அறிக்கையில் எழுதி, கடைசிவரை அதையே உபயோகிக்கவேண்டும்.

குப்பியும் முக்கியமானது. காற்று ஆகாத கிருமிகளை வெறும் உப்புநீரில் போட்டால் வழியிலேயே இறந்துவிடும். அதற்காகப் பிராணவாயுவை அகற்றும் ரசாயனம் சேர்த்த திரவங்கள் உண்டு. 1966ல் ஸ்வீடனில் மோல்லர் ஒன்றை வெளியிட்டார். 1972ல் அமெரிக்காவின் மிச்சிகனில் சையத், லோஷ் என்ற இருவர் பல் ஊத்தைக் கிருமிகள் எந்தத் திரவத்தில் நன்றாகப் பிழைக்கின்றன என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

ஒவ்வொரு பல்லும் தனிச் சாட்சி

இத்தனை சிரமம் அவசியமா என்று கேட்கலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1970ல் 480 ஆண் தோட்டத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் இவர்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. எல்லோருடைய பல்லிலும் ஊத்தையும் காரையும் நிறைய இருந்தன. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது என்ன தெரிந்தது? சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவிப் பற்கள் விழுந்தன. சுமார் 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் பரவியது. சுமார் 11 சதவீதம் பேருக்கோ ஈறு வீக்கத்துக்கு மேல் நோய் முற்றவே இல்லை!

அதாவது எவ்வளவு ஊத்தை இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் யாருடைய பல் விழும் என்று சொல்ல முடியாது. மனிதருடைய உடல்வாகும் அதில் சேர்ந்திருக்கிறது, கிருமிக் கூட்டத்தின் தன்மையும் சேர்ந்திருக்கிறது. ஒரே மனிதர் வாயிலும் ஒரு பல் ஆடும், பக்கத்துப் பல் உறுதியாக நிற்கும்.

ஆகவேதான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் அவருடைய தோழர்களும் எல்லாப் பற்களிலிருந்தும் எடுத்ததை ஒன்றாகக் கலக்காமல் பல் பல்லாகத் தனித்தனிக் குப்பியில் எடுத்தார்கள். 1998ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் 185 பேரிடமிருந்து 13,261 மாதிரிகள்! அதன் பலனாக, ஆழமான, இரத்தம் கசியும் ஈறுப் பைகளில் மூன்று குறிப்பிட்ட கிருமிகள் கூட்டாகக் காணப்படுகின்றன என்று தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலந்திருந்தால் நோயுள்ள பல்லின் சாட்சி நோயற்ற பற்களின் சாட்சியில் மறைந்துபோயிருக்கும்.

எப்போது எடுப்பது?

இடத்தைப்போலவே நேரமும் முக்கியம். 1965ல் இதே ஹரால்ட் லோவும் அவருடைய தோழர்களும் டென்மார்க்கில் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். நாள்தோறும் ஊத்தை சேர்ந்தது. முதலில் உருண்டை வடிவக் கிருமிகளே மிகுதியாக இருந்தன. பிறகு நூல் போன்றவை வந்தன. கடைசியில் சுருள் வடிவக் கிருமிகள் வந்து சேர்ந்தன. 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. அதே பல், அதே மனிதர். ஆனால் முதல் நாள் மாதிரியும் இருபதாம் நாள் மாதிரியும் வெவ்வேறு.

எங்கள் மருத்துவமனையில் இது எப்படிப்பட்ட சங்கடத்தைக் கொண்டுவருகிறது தெரியுமா? ஒருநாள் ஒரு பாட்டியிடம், "காலையில் பல் தேய்க்காமல் வாருங்கள் என்று சொல்லியிருந்தோமே, பாட்டி?" என்று கேட்டோம். "வாயைக் கழுவாம டாக்டர் முன்னால எப்படிப்பா உட்கார்றது?" என்றார் அவர். வேப்பங்குச்சியால் பல் துலக்கி, உப்புநீரில் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்! மரியாதைக்காகச் செய்ததை எப்படிக் கடிந்துகொள்வது? சிரித்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னோம். இப்போதெல்லாம், "தேய்க்காமல் வந்தால்தான் எங்களுக்கு மரியாதை" என்று சொல்லியனுப்புகிறோம்.

இதைவிடப் பெரிய சங்கடம், கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை. இரண்டு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு நின்றுபோனவரிடம் எடுக்கும் மாதிரியில் பலவீனமான கிருமிகள் மடிந்திருக்கும், வலுத்தவை மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லாமல் மறைத்தால் நாங்கள் வேறு திசையில் தேடிக்கொண்டிருப்போம்.

பல்லுக்குள்ளே

பல் வேரின் உட்குழாயில் மாதிரி எடுப்பதற்கு எல்லாவற்றையும்விட அதிக ஜாக்கிரதை வேண்டும். மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டு அந்தப் பல்லை மட்டும் வெளியே தெரியச் செய்வார்கள். பல்லின் மேற்பரப்பைப் பெராக்சைடாலும் அயோடினாலும் சுத்தம் செய்வார்கள். சுத்தமாகிவிட்டதா என்று அந்த மேற்பரப்பிலிருந்தே ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். இதில் கிருமி வளர்ந்தால் உள்ளிருந்து எடுத்ததை நம்ப முடியாது.

1976ல் ஸ்வீடனில் கோரன் சன்ட்குவிஸ்ட் என்பவர், அடிபட்டு உள்ளே உயிர் இழந்த, ஆனால் வெளியே சொத்தையோ ஓட்டையோ இல்லாத 32 பற்களை இவ்விதம் காற்றுப் படாமல் ஆராய்ந்தார். வேர் நுனியில் எலும்பு அரித்திருந்த 19 பற்களில் 18ல் கிருமிகள் இருந்தன. எலும்பு அரிக்காத பற்களில் இல்லை. கிடைத்த வகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காற்று ஆகாதவை. பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா?

புதிய கருவிகள், பழைய கேள்வி

இன்று கிருமியைத் தட்டில் வளர்க்காமலே அதன் மரபணுவை, அதாவது டி.என்.ஏ.வை, வாசித்து அடையாளம் காண முடிகிறது. தட்டில் வளர மறுக்கும் பல வகைகளை இவ்விதமாகவே அறிந்தோம். காற்றுப் பட்டு இறந்தாலும் கிருமியின் டி.என்.ஏ. மிஞ்சியிருக்கும் என்பதால் குப்பியைப் பற்றிய கவலையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. உயிருள்ள கிருமி எது, செத்த கிருமி எது என்று இந்த முறை சாதாரணமாகப் பிரித்துச் சொல்லாது. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க உயிருள்ள கிருமியே வேண்டும். மேலும் பஞ்சிலும் ரசாயனத்திலும் ஒட்டியிருக்கும் அந்நிய டி.என்.ஏ.வையும் அது வாசித்துவிடும். அதனால் யாருடைய வாயையும் தொடாத வெறும் குச்சி ஒன்றையும் மற்றவற்றோடு சேர்த்துப் பரிசோதிப்பது வழக்கம். அந்த வெறும் குச்சியில் என்ன வருகிறதோ அது நோயாளியுடையது அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமானாலும் "எங்கே எடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு எடுத்தவர்தான் பதில் சொல்லவேண்டும்.

நீங்கள் மாதிரி கொடுக்க நேர்ந்தால்

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ வாய்க் கிருமிப் பரிசோதனை நேர்ந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தாவது பல் துலக்கவேண்டாம், கொப்பளிக்கவேண்டாம், எதுவும் உண்ணவேண்டாம். வெற்றிலை, புகையிலை கூடவே கூடாது.

கடந்த சில வாரங்களில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும், பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டையையாவது, கொண்டுவந்து காட்டுங்கள்.

எச்சில் கேட்டால் எச்சிலே கொடுங்கள். சளி கேட்டால் சளியே கொடுங்கள். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிக்கையில் "சாதாரணக் கிருமிகள்" என்று இருந்தும் வீக்கமோ காய்ச்சலோ குறையாவிட்டால் காகிதத்தை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். தாடை வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் கஷ்டமாயிருந்தாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

அந்தத் தொழிலாளி

இனி, தொடக்கத்தில் சொன்ன நோயாளியின் கதைக்கு வருவோம். பரிசோதனைக்கூட ஊழியர் சொன்னபடி அன்றே மறுபடியும் மாதிரி எடுத்தோம். வீக்கத்தின் மேலிருந்த தோலை உலர்த்தி, அயோடின் மருந்தால் துடைத்து, காத்திருந்து, ஊசியைக் கட்டிக்குள் நேராகச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுத்தோம். எச்சில் ஒரு துளியும் படவில்லை. ஊசிக் குழலிலிருந்த காற்றை வெளியேற்றி, காற்றில்லாத குப்பிக்கு உடனே மாற்றினோம். மூடியைத் திறந்தபோது வந்த துர்நாற்றமே காற்று ஆகாத கிருமிகளின் அடையாளம். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமிட்டுப் பார்த்த ஊழியர், அன்று மாலையே பலவகைக் கிருமிகள் கூட்டமாக இருப்பதாகச் சொன்னார்.

காத்திருக்காமல் அன்றே கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினோம். அதுதான் முதல் வைத்தியம். சொத்தைப் பல்லைப் பிடுங்கினோம். காற்று ஆகாத கிருமிகளுக்கான மருந்தையும் சேர்த்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் அவர் கஞ்சி குடித்தார். ஒரு வாரத்தில் தம் மனைவியோடு பேருந்து ஏறி ஊருக்குப் போனார்.

அவரை இழந்திருந்தால் கிருமியைக் குற்றம் சொல்லியிருப்போம், மருந்தைக் குற்றம் சொல்லியிருப்போம். குற்றம் ஒரு பஞ்சுக் குச்சி தொட்ட இடத்தில் இருந்தது என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் பரிசோதனைச் சீட்டில் நோயாளியின் பெயர், வயது ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: "எந்த இடத்திலிருந்து, எதைக் கொண்டு, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது?" அந்த வரி நிரப்பப்படாத சீட்டைப் பரிசோதனைக்கூடம் ஏற்றுக்கொள்வதில்லை. டாக்டரே கொண்டுபோனாலும் சரி, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த முறை எங்களைப் பார்க்க வரும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குச்சிகளும் குப்பிகளும் எதற்கு என்று அது உங்களுக்குச் சொல்லும்.